இருபது சென்டி மிச்சம்

என் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அடுத்தவர் கண்ணில் கால் பாயின்ட் பவர் கூடினாலும் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். சொந்த வீட்டில் ஆளுயரத்துக்கு நிற்கும் விஷயம் மட்டும் அவர் கண்ணில் படாது. இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. கோபத்தில் சொன்னது வேறு, அது பிறகு வருகிறது.

எங்களிடம் பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடுகிற ஒரு சின்ன ஹைப்ரிட் கார் இருந்தது. சாம்பல் நிறம். சுண்டெலி என்று பேர் வைத்தது நான்தான். எங்களிடம் என்பதே ஒரு பேச்சுக்குத்தான், ஓட்டுவதெல்லாம் நான். நான் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதத்தில் விழுந்த கைகால்களை வீடு வீடாகப் போய் மறுபடி வேலைக்குப் பழக்குவது என் தொழில். சுண்டெலியின் பின்சீட்டை மடக்கிவிட்டால் என்னுடைய மடக்குக் கட்டிலும் ரப்பர் பட்டைகளும் பந்துகளும் அதற்குள் அடங்கிவிடும். நான் போகிற வீடுகளில் பாதிக்கு மேல் சந்துக்குள் இருப்பவை. சுண்டெலி இல்லையென்றால் எனக்குத் தொழில் இல்லை, அவ்வளவுதான்.

வினையைக் கொண்டுவந்தவன் என் கொழுந்தன். சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லாத ஆள். ஆனால் உலகத்தில் யார் கார் வாங்கினாலும் தன்னைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்று நினைப்பு. ஒருநாள் சுண்டெலியிலிருந்து அண்ணன் இறங்குவதைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணே, முட்டி போய் காதுல இடிக்குது? உன் அந்தஸ்துக்கு இதுவா வண்டி?" என்று கேட்டுவைத்தான். கேட்டவன் அதை அடுத்த நிமிஷமே மறந்திருப்பான். என் கணவர் ஒரு வாரம் சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடச் சொல்லவில்லை.

இரண்டாவது வாரம் வாசலில் யானை வந்து நின்றது. கறுப்பு நிறத்தில் ஏழு பேர் உட்காரும் பெரிய ஹைப்ரிட் எஸ்யூவி. மூன்று நாள் வைத்து ஓட்டிப் பார்க்கலாமாம். பிடித்திருந்தால் சனிக்கிழமை ஆறு மணிக்கு கம்பெனிப் பையன் வந்து, யானையை விட்டுவிட்டு சுண்டெலியை மாற்றாக எடுத்துக்கொண்டு போவானாம்.

"ரெண்டும் ஹைப்ரிட் தானேம்மா. இது கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான்" என்றார்.

"யானை பட்டினி கிடந்தா எலி ஆயிடுமாங்க?"

"நீ எப்பவும் எடுத்தெறிஞ்சுதான் பேசுவ. ஊருக்குள்ள போகும்போது சத்தமே இல்லாம பேட்டரில போகுது, தெரியுமா?"

"சுண்டெலி என்ன, மேளம் அடிச்சிக்கிட்டா போகுது?"

"உனக்கு என்னம்மா குறை? ஒரு கட்டிலுக்கு நாலு கட்டில் வெச்சுக்கோ. வீடு வீடாப் போய் கைகாலை அமுக்கிவிடற வேலைக்கு இது தாராளம்."

அமுக்கிவிடற வேலை. பதினொரு வருஷமாக நான் செய்கிற தொழிலுக்கு அவர் வைத்திருந்த பெயர் அது. எனக்குச் சுருக்கென்றது. "நீங்க மட்டும் என்ன, ஊரான் கண்ணாடியைத் துடைச்சுக் குடுக்கற வேலைதானே?" என்று கேட்டுவிட்டேன். கோபத்தில் சொன்னது இதுதான். கடைசியில், வியாழக்கிழமை நான் யானையை ஓட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், யானை நல்ல வண்டி. உட்கார்ந்த பிறகு எழுந்திருக்க மனசே வரவில்லை. சீட்டுக்குள்ளிருந்து முதுகுக்குக் காற்று வருகிறது. பஸ்காரர்கள்கூட மரியாதையாக ஒதுங்கினார்கள். பத்து நிமிஷம் எனக்கும் அந்தஸ்து வந்தது. பதினோராவது நிமிஷம் டெய்லர் வீட்டுச் சந்து வந்தது.

டெய்லருக்கு ஆறு மாதத்துக்கு முன் வலது கை விழுந்துவிட்டது. கத்திரி பிடித்த கை. இப்போதுதான் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்திருந்தன. அவர் சந்தின் வாயில் லாரி நுழையாதபடி இரண்டு இரும்புத் தூண்கள் நட்டிருக்கிறார்கள். சுண்டெலி அவற்றுக்கு நடுவே நீந்துகிற மாதிரி போய்விடும். யானை மூக்கை மட்டும் நீட்டிவிட்டு நின்றது. பின்னால் ஆறு வண்டிகள் ஹாரன் அடித்தன. எங்கெங்கோ சுற்றி, மெயின் ரோட்டைத் தாண்டி ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, பதினாலு கிலோ கட்டிலைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். போய்ச் சேரும்போது டெய்லர் சட்டையில் பொத்தான்கூடப் போடாமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி நின்றார். அன்றைக்கு அவருக்கு டாக்டரிடம் முறை.

"இனிமே வரமாட்டீங்கன்னு நெனச்சிட்டேன் டாக்டரம்மா" என்றார். நான் டாக்டர் இல்லை என்று நூறு தடவை சொல்லியாயிற்று, கேட்கமாட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. சனிக்கிழமை நாலு மணிக்குக் கட்டாயம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

வீட்டில், "சந்துக்குள்ள போகமாட்டேங்குது" என்றேன். நடந்ததை முழுக்கச் சொல்ல வாய் வரவில்லை.

"அப்போ சந்தெல்லாம் விட்டுடு. மெயின் ரோட்டுல இருக்கறவங்களாப் பார்த்துப் போ" என்றார் அவர்.

பக்கவாதம் என்ன, மெயின் ரோடு பார்த்தா வருகிறது?

சனிக்கிழமை வந்தது. எங்கள் குடியிருப்பில் கார் நிறுத்துவது தரைக்கடியில். எங்களுக்கு உண்டான இடத்துக்கு ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் தூண். என் கணவர் அதை முன்பே டேப் வைத்து அளந்து, கண் பவர் எழுதும் சீட்டில் எழுதி வைத்திருந்தார். இடம் இருநூற்று நாற்பது. வண்டி, பக்கக் கண்ணாடிகளை மடக்கினால், இருநூறு. இடது பக்கம் இருபது, வலது பக்கம் இருபது சென்டி மிச்சம். கீழே 'கச்சிதம்' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார்.

மூன்று மணிக்கு நான் சுண்டெலியை வெளியே எடுத்து ஓரமாக நிறுத்தினேன். டெய்லர் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். யானையின் கிருகப்பிரவேசத்தைப் பார்க்கக் கொழுந்தன் வந்திருந்தான். "வா வா வா... லேசா ஒடி... வா அண்ணே" என்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தான். யானை சத்தமில்லாமல் உள்ளே போயிற்று. குறை சொல்லக்கூடாது, ஒரு கீறல் இல்லை. என் கணவர் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கதவைத் திறந்தார்.

கதவு இருபது சென்டி திறந்தது.

அந்த இடுக்கில் முதலில் ஒரு கை வந்தது. பிறகு ஒரு கால் வந்து, யோசித்துவிட்டு, திரும்பிப் போயிற்று. வயிறு முயற்சிகூடச் செய்யவில்லை. அளந்தவர் வண்டியை அளந்திருந்தார், இடத்தை அளந்திருந்தார். கதவு திறக்க வேண்டும், அது வழியாக ஒரு மனிதர் வெளியே வர வேண்டும் என்பது அவர் எழுதிய சீட்டில் இல்லை.

"ரிவர்ஸ் எடுங்க!" என்று கத்தினேன். பெண்டாட்டி சொல்லிவிட்டாள் அல்லவா, இனி எடுப்பாரா?

"எதுக்கு ரிவர்ஸ்? டிக்கி வழியா வா அண்ணே!" என்றான் கொழுந்தன்.

டிக்கி தானாக மேலே எழுந்தது. உள்ளே என் கணவர் முன்சீட்டுகளுக்கு நடுவே புகுந்து, இரண்டாவது வரிசையில் ஏறி, மூன்றாவது வரிசையில் முழங்காலிட்டு, தலையை வெளியே நீட்டினார். "அம்மா" என்று ஒரு சத்தம். அதோடு அசைவு நின்றுவிட்டது. இடுப்பு பிடித்துக்கொண்டது. தலை வெளியே, மீதி யானைக்குள்.

நானும் கொழுந்தனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மெல்ல இறக்கினோம். அரிவாள் மாதிரி வளைந்து நின்றார். கொழுந்தன் டிக்கியைச் சாத்தினான். யானை மூன்று தடவை கீ, கீ, கீ என்றது.

"பார்த்தீங்களா அண்ணி, பை சொல்லுது!"

நான் என் கணவரின் காலைத் தட்டி, விரலை அசைக்கச் சொல்லிப் பார்த்தேன். வெறும் தசைப்பிடிப்புதான். அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருப்பேன். அதற்குள் கொழுந்தன், "குப்புறப் படு அண்ணே, நான் ஏறி நாலு மிதி மிதிக்கிறேன், சரியாயிடும்" என்று செருப்பைக் கழற்ற ஆரம்பித்துவிட்டான். புருஷன் முழுசாக வேண்டும் என்றால் கூட்டிக்கொண்டு போவதே மேல். முன்சீட்டைச் சாய்த்து சுண்டெலிக்குள் அவரைப் படுக்க வைத்தேன்.

சுண்டெலி இரும்புத் தூண்களுக்கு நடுவே போய் டெய்லர் வீட்டு வாசலில் நின்றது. கட்டிலை நானே இறக்கி, உள்ளே கொண்டுபோய் விரித்து, அவரைக் குப்புறப் போட்டேன்.

"யாரு டாக்டரம்மா, புது பேஷண்டா?"

"இல்ல, பழசு. வீட்டுக்காரர்" என்றேன். நடந்ததைச் சொன்னேன்.

டெய்லருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நோயில் விழுந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "நானும் செஞ்சிருக்கேன் சார்" என்றார். "தொழில் பழகின புதுசுல ஒருத்தருக்கு உடம்பு அளவுக்கே சட்டை தெச்சேன், ஒரு நூல் லூசு விடாம. மாட்டினா அவ்ளோ அழகு. ஆனா மனுஷனால கையைத் தூக்க முடியல. கடைசில பிரிச்சுத்தான் கழட்டினோம்."

என் கணவர் கட்டிலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நான் ஒரு கையால் அவர் இடுப்பைப் பிடித்துவிட்டுக்கொண்டே டெய்லருக்குப் பயிற்சியை ஆரம்பித்தேன். ஒரு பழைய சட்டை, ஐந்து பொத்தான். வலது கையால் மட்டும் போட வேண்டும். முதல் பொத்தான் விழுந்தது. இரண்டாவதில் கட்டைவிரல் நடுங்கிற்று. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார், நெற்றியில் வேர்த்துவிட்டது. பொத்தான் ஓட்டைக்குப் பக்கத்தில் போகும், வழுக்கும், மறுபடி போகும்.

என் கணவர் முகத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மிளகைவிடச் சின்னத் திருகை மூக்குக்கண்ணாடியில் மாட்டுகிற ஆள் அவர். விரல் நுனியின் அருமை அவருக்குத் தெரியும். இரண்டாவது பொத்தான் உள்ளே போனபோது அவர்தான் முதலில் மூச்சு விட்டார்.

"இது எவ்வளவு நாள்ல வந்துது?" என்று டெய்லரைக் கேட்டார்.

"ஆறு மாசம் சார். வாரத்துக்கு மூணு நாள். இவங்க விட்டதே இல்ல. இந்த வியாழக்கிழமைதான் ஒண்ணு தவறிப்போச்சு. பாவம், இந்தக் கட்டிலைத் தோள்ல தூக்கிக்கிட்டு அவ்வளவு தூரத்துலேருந்து நடந்தே வந்தாங்க."

அவர் என்னைப் பார்த்தார். கட்டிலின் இரும்புக் காலைப் பார்த்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை, பதினொரு வருஷத்தில் அவர் என் வேலையைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்த நேரம் பார்த்து எங்கள் குடியிருப்பு வாட்ச்மேன் அவருக்குப் போன் செய்தார். "சார், உங்க பெரிய வண்டில ஆளே இல்ல. தானா ஸ்டார்ட் ஆகுது, தானா நிக்குது. எல்லாரும் பயந்து நிக்கறாங்க. பேய் கீய்..."

எனக்குப் புரிந்துவிட்டது. சத்தம் இல்லாததால் அணைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அணைக்காமலே இறங்கியிருக்கிறார். ஏசி ஓடி பேட்டரி குறையும்போதெல்லாம் எஞ்சின் தானாக எழுந்துகொள்கிறது. அது பை சொல்லவில்லை. அடப்பாவி, அணைச்சிட்டுப் போடா என்று கத்தியிருக்கிறது.

வாட்ச்மேன் போனை வைத்த கையோடு கம்பெனிப் பையன் கூப்பிட்டான். போன் ஸ்பீக்கரில் கட்டில்மேல் இருந்ததால் அவன் பேசியது எல்லோருக்கும் கேட்டது. "சார், கிளம்பிட்டேன். சின்ன வண்டியை எடுத்துக்கறேன், சரிங்களா?"

என் கட்டைவிரல் அப்போது அவர் இடுப்பில், வலி இருக்கும் அதே இடத்தில் இருந்தது. நான் அழுத்தவில்லை. சத்தியமாக அழுத்தவில்லை.

"தம்பி, பெருசை எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார் என் கணவர். "சின்னது வீட்டம்மாவோடது. அதைக் கேட்காம பேசினது என் தப்பு." "அப்புறம், உள்ள போய் அணைக்கணும். ஒல்லியா ஒரு ஆளைக் கூட்டிட்டு வாங்க."

டெய்லர் மூன்றாவது பொத்தானையும் போட்டுவிட்டார். மீதி இரண்டை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொண்டோம்.

திரும்பும்போது அவரால் நிமிர்ந்து உட்கார முடிந்தது. தூண்களைத் தாண்டி மெயின் ரோட்டில் ஏறினேன்.

"முட்டி இடிக்குதாங்க?"

"இடிக்குது" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, ஜன்னலைப் பார்த்தபடி, "வியாழக்கிழமை எவ்வளவு தூரம் நடந்தே?" என்று கேட்டார்.

"நான் அளக்கலைங்க" என்றேன்.