ஹெல்லேபியின் ஏழாவது பூ

ஹெல்லேபி ஊரில் பல வருடமாக யாருக்கும் கனவு வரவில்லை. பால் விலை இறங்கியதைப் பேசுவதுபோல அதையும் பேசிக்கொண்டார்கள். காரணம் தெரிந்ததுதான். நடுக்கோடைத் திருநாள் மாலையில் ஏழு வகைப் பூவை வாய் திறக்காமல் பறித்துத் தலையணைக்கு அடியில் வைத்தால், நினைத்த ஆள் கனவில் வருவார். அந்த ஒரு இரவின் தயவில்தான் மற்ற இரவுகளுக்கும் கனவு வந்துகொண்டிருந்தது. வயல்களுக்கு உரம் வந்தபின் புல் மட்டும் கொழுத்தது, பூக்கள் மூன்று வகையாகச் சுருங்கின, தேனீக்கள் வேறு இடம் பார்த்துப் போய்விட்டன. குன்வோரின் பக்கத்து வீட்டு பிர்கர் மிச்ச நாலு வகைக்கு டவுன் கடைப் பூக்களை வாங்கி வைத்துப் பார்த்தான். குறட்டைதான் வந்தது.

குன்வோருக்கு ஒரே ஆசை. செத்துப்போன புருஷன் ஃபோல்கேயை ஒரு தடவையாவது கனவில் பார்க்க வேண்டும். ஊரிலேயே அதிகமாக உரம் கொட்டியவன் அவன்தான். மண் மெலிந்தால்தான் பூ வரும் என்று, அவன் நிலத்தின் உரமேறிக் கொழுத்த மேல்மண்ணை அவள் வழித்தெடுத்தாள். புல்லின் வேரிலிருந்து சத்தை உறிஞ்சி அதை அடக்கிவைக்கும் மஞ்சள் பூச்செடியை முதலில் விதைத்தாள். பிறகு கல்லறைத் தோட்டத்து வேலியோரம் தப்பிப் பிழைத்திருந்த பழைய பூக்களின் விதையைத் தூவினாள். விதை உதிரும்வரை அரிவாளைத் தொடவில்லை.

"நல்ல நிலத்தத் தோலுரிச்சுப் போட்டுட்டியே குன்வோர், ஃபோல்கே பார்த்தா என்ன சொல்வான்?" என்றான் பிர்கர்.

"அதை அவங்கிட்டயே கேக்கத்தானே இந்தப் பாடு!"

வருடத்துக்கு ஒரு பூ வந்தது. ஒவ்வொன்றும் தனக்கான தேனீயையும் கூட்டிவந்தது. அந்தப் பொறுமையை என்ன சொல்லிப் புகழ்வது! ஏழாவதாக நீல மணிப்பூ ஒரு நடுக்கோடைத் திருநாளன்றே மலர்ந்தது. ஆறு பூவையும் உதட்டைக் கடித்தபடி பறித்த குன்வோர் அதற்குக் குனிந்தாள். உள்ளேயிருந்து, மூஞ்சியெல்லாம் மகரந்தம் அப்பிய ஒரு குண்டுத் தேனீ வெளியே வந்தது. சின்ன வயதுக்குப் பிறகு அவள் கண்ணில் படாத இனம்.

"அடி என் கண்ணே, வந்துட்டியா!" என்று கத்தியேவிட்டாள்.

வாய் திறந்தாகிவிட்டது. அன்றிரவு அவளுக்குக் கனவு இல்லை. ஊர் மொத்தத்துக்கும் வந்தது. அத்தனை பேர் கனவிலும் ஃபோல்கேதான் வந்தான். விடிந்ததும் அவள் வாசலில் வந்து நின்று சொன்னார்கள்.

"பூட்ஸக் கழட்டிக் கையில வச்சிருந்தான்" என்றான் பிர்கர். "பூ மிதிபடாம விலகி விலகி நடக்குறான். இவனா அவன்னு எனக்கே சந்தேகமாயிடுச்சு."

"ஏதாச்சும் சொன்னானா?"

"அடுத்த வருஷமாவது அவள வாய மூடிக்கிட்டுப் பறிக்கச் சொல்லுன்னான்."

குன்வோர் சிரித்தாள், அழுதாள், வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டாள். இன்றும் ஒவ்வொரு வருடமும் உதட்டைக் கடித்துக்கொண்டுதான் பூப்பறிக்கப் போகிறாள். அந்தத் தேனீயைக் கண்டதும் பேசிவிடுகிறாள். காலையில் ஊரார் வந்து ஃபோல்கே சொன்னதைச் சொல்லிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போகிறார்கள்.