பாதியில் நின்ற நன்றி

ஏழாயிரம்பண்ணைக்கு மேற்கே இருந்த அந்தப் பட்டாசுக் கம்பெனி, ஒரு தீ விபத்துக்குப் பிறகு பூட்டிக் கிடந்து, சீசன் நெருங்கும்போது திறந்தது. திறந்த அன்றே முதலாளி சபரிநாதனின் மனைவி யோகேஸ்வரி காரில் வந்து இறங்கி, பெண்களையெல்லாம் வேப்பமரத்தடியில் உட்கார வைத்தாள். கோயம்புத்தூரில் ஏதோ முகாமுக்குப் போய் வந்திருந்தாள். தினமும் வேலைக்கு முன்னால் ஒவ்வொருத்தரும் தனக்குக் கிடைத்த ஒரு சின்னச் சந்தோஷத்தைச் சொல்லி அதற்கு நன்றி சொல்ல வேண்டும், மனசு லேசாகும் என்றாள்.

தாயில்பட்டியிலிருந்து வேனில் வரும் கற்பகவல்லிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் சொல்லச் சொல்ல அதில் ஒரு ருசி இருந்தது. ஒருநாள், தலைக்குக் குளித்த ஈரம் காயாமல் வேனில் சன்னலோரம் காற்று வாங்கி வந்ததைச் சொன்னாள். அன்றைக்கு அவளுக்கு உண்மையிலேயே மனசு குளிர்ந்திருந்தது. அப்புறம் நிமிர்ந்து பார்த்தால், புதுச் சுண்ணாம்பு அடித்த அந்த அறை. கூட வேலை பார்த்த ராக்காயி அந்த விபத்தில் கருகிச் செத்த அறை. மரத்தடியில் ஒருத்தி ராக்காயியின் பெயரை எடுத்தபோது, இந்த நேரத்தில் நல்லதை மட்டும் நினைப்போமே என்று யோகேஸ்வரி மெதுவாகத் தடுத்துவிட்டாள். கற்பகவல்லி அதற்குப் பிறகு மரத்தடியில் வாயே திறக்கவில்லை.

அதே அறையிலிருந்து உயிரோடு வெளியே வந்தவள் அழகுமீனா. கற்பகவல்லியின் அண்ணன் மனைவி. மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்த பிறகும் அவளது இரண்டு கை விரல்களும் மடங்கவில்லை. சோற்றை இன்னொருத்தர்தான் ஊட்ட வேண்டும். பார்க்க வருகிற அத்தனை பேரும் உயிர் பிழைத்ததே பெரிசு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கற்பகவல்லிக்கு அதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். மதினி மட்டும் தலையாட்டிக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் காலையில் மரத்தடியில் கேமராவோடு ஒரு பையன் நின்றான். தீபாவளிக்கு முன்னால் கம்பெனி பேரில் வெளியிட ஒரு வீடியோ. கற்பகவல்லி வேனிலிருந்து இறங்கிப் பார்த்தால், பிளாஸ்டிக் நாற்காலியில் புதுச்சேலை கட்டி மதினி உட்கார்ந்திருந்தாள். வேன் கிளம்பிய பிறகு கார் அனுப்பிக் கூட்டி வந்திருக்கிறார்கள். கைகளின் மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது.

யோகேஸ்வரி அவளருகில் குனிந்து, இப்போது உங்களுக்குச் சந்தோஷம் தருகிற சின்ன விஷயம் எது என்று கேட்டாள். அழகுமீனா தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"கை அரிக்கும். என்னால சொறிய முடியாது. எம்மக வந்து மெள்ள சொறிஞ்சு விடுவா. அதான்."

யோகேஸ்வரியின் கண் கலங்கிவிட்டது.

"ரொம்ப அழகா சொன்னீங்க அக்கா. கேமராவைப் பாத்து, கொஞ்சம் சிரிச்ச முகமா இன்னொரு தடவை சொல்லுங்க."

கற்பகவல்லி பெண்களுக்கு நடுவிலிருந்து எழுந்துபோய் கேமராவை மறைத்து நின்றாள்.

"அந்தத் துண்டை எடுத்துட்டு சிரிக்கச் சொல்லுங்க பாப்போம். ராக்காயியையும் கூட்டியாந்து உக்கார வைங்க. அவ எதுக்கு நன்றி சொல்லுவான்னு கேப்போம். எங்க சந்தோஷமெல்லாம் எங்க வீட்டுது. அதையும் பெட்டியில போட்டு விக்கணுமா உங்களுக்கு?"

நான் நல்லது நினைத்துத்தானே செய்தேன் என்று யோகேஸ்வரி அழுதாள். போர்மேன் சங்கரலிங்கம் ஓடி வந்து, இனி இந்தக் கேட்டுக்குள் காலெடுத்து வைக்காதே என்று கற்பகவல்லியிடம் சொன்னான். அவள் மதினியை எழுப்பி, தோளை அணைத்துக்கொண்டு வெயிலில் நடந்து, மெயின்ரோட்டில் பஸ் பிடித்தாள்.

வழியெல்லாம் அழகுமீனா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். தான் பேசியதை நினைத்து மதினி நெகிழ்ந்து போயிருக்கிறாள் என்றுதான் கற்பகவல்லி நினைத்தாள். வீட்டுக்குள் போனதும் தண்ணீர்ச் செம்பை அவள் வாயருகே கொண்டுபோனாள். அழகுமீனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நான் முடிக்கலையே, கற்பகம்."

"என்னத்த மதினி?"

"புதுச்சேலைக்கும் காருக்கும் மயங்கியா போனேன்னு நெனச்ச? எம்புட்டு நாளா மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்து வச்சிருந்தேன். அரிப்பைச் சொல்லிட்டு, கை எப்படி வெந்துச்சுன்னு சொல்ல வாயெடுத்தேன். நீ வந்து முன்னால நின்னுட்ட. வெந்தது என் கை. கோவத்தை மட்டும் நீ எடுத்துக்கிட்ட."

கற்பகவல்லி செம்பைக் கீழே வைத்தாள். அவமானமாக இருந்தது, அதைவிட மதினி மேல் ஆத்திரமாகவும் இருந்தது. இவளுக்காக எவ்வளவு பேசியிருக்கிறோம், வேலையையும் விட்டிருக்கிறோம் என்று நினைத்தாள். நாளைக்கு என்னை அங்கே கூட்டிப் போ என்றாள் அழகுமீனா.

மறுநாள் காலை இருவரும் வேன் நிற்கும் இடத்தில் நின்றார்கள். கற்பகவல்லியை ஏற்றக்கூடாது என்று டிரைவர் சங்கிலிமுத்துவிடம் சொல்லியிருந்தார்கள். அவர் அழகுமீனாவைப் பார்த்தார். இறங்கி வந்து, இருவருக்கும் முன்சீட்டுக் கதவைத் திறந்துவிட்டார்.

மரத்தடியில் அன்று கேமரா இல்லை. கேட்டில் சங்கரலிங்கம் மறித்தபோது, அவர்களை உள்ளே விடச் சொல்லி யோகேஸ்வரியே கைகாட்டினாள். அழகுமீனா நாற்காலியில் உட்காரவில்லை. கைகளின் மேல் கிடந்த துண்டைப் பல்லால் கவ்வி இழுத்துக் கீழே போட்டாள். பெண்கள் அவளது கைகளைப் பார்த்தார்கள். கற்பகவல்லி கடைசி வரிசையில், உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நேத்து பாதியில விட்டேன். தீப்பிடிச்ச அன்னைக்கு அறை வாசல்ல சரக்குப் பெட்டி அடுக்கி வச்சிருந்தாக. தீயில எரிஞ்ச பெட்டியை இந்தக் கையால தள்ளிட்டுத்தான் நான் வெளிய வந்தேன். ராக்காயி எனக்குப் பின்னால இருந்தா. வெளிய ஓட எடம் இல்லைன்னு அவ மொதல்லயே சொன்னா. உங்க வீட்டுக்காரருதான், லோடு லாரி வர்ற வரைக்கும் அங்கனயே கெடக்கட்டும்னாரு. இப்பவும் பாருங்க, வாசல்ல பெட்டி இருக்கு. எனக்கு நன்றி சொல்லத் தெரியும் மேடம். அதைக் கேட்டு வாங்காதீக."

யோகேஸ்வரி திரும்பி அறைகளைப் பார்த்தாள். சங்கரலிங்கம் எல்லோரையும் வேலைக்குப் போகச் சொன்னான். ஒருத்தியும் எழவில்லை. அவன் போன் செய்ததும் முதலாளி சபரிநாதன் வந்தார். அவர் அழகுமீனா பக்கமே திரும்பவில்லை. பெட்டிகளைக் குடோனுக்கு எடுக்கச் சொல்லிவிட்டு ஆபீசுக்குள் போனார். கடைசி வாசலும் காலியான பிறகுதான் பெண்கள் எழுந்தார்கள்.

அதற்குப் பிறகு அங்கே நன்றி சொல்லும் வழக்கம் நின்றுபோனது. வீடியோவும் வரவில்லை. கற்பகவல்லியை அவர்கள் திரும்பச் சேர்க்கவில்லை. சீசன் என்பதால் பக்கத்துக் கம்பெனியில் எடுத்துக்கொண்டார்கள். அங்கே முதல் நாள் அறைக்குள் போனவள், வாசலை ஒட்டியிருந்த இரண்டு பெட்டிகளை யாரையும் கேட்காமல் தூக்கி வெளியே வைத்தாள். அங்குள்ள போர்மேன் யார் சொல்லி எடுத்தாய் என்று கேட்டார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் நகர்ந்து போனார்.