முப்பது செக்கன் முஸ்லிம்

விளம்பரப் படம் எடுக்க எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் முதலில் செய்த வேலை, அதை எங்கள் வீடு இல்லாமல் ஆக்கியதுதான். நான் கோபக்காரி என்று மாத்தளை டவுனில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் என் கணவர் லாபிர் சேரிடம் கணக்குப் படித்தவர்கள். அவர்களுக்கும் தெரியும், மரியாதைக்காகச் சொல்லமாட்டார்கள். ஆனாலும் அன்று காலை நான் யாரையும் ஏசவில்லை. அவருக்காகத்தான் பொறுத்துக்கொண்டேன்.

ஏதோ ஒரு சோடாக் கம்பனியின் நோன்புகால விளம்பரம். அதை எடுக்கும் துஷாந்த் என்ற கொழும்புத் தம்பி இரண்டு வாரத்துக்கு முன்பே வந்து, அறை அறையாகப் படம் பிடித்துக்கொண்டு, போகும்போது வாசலில் நின்று ஒரு வார்த்தை சொன்னார்.

"அங்கிள், வீட்டு ஆக்களும் நடிக்கலாம். உண்மையான முஸ்லிம் குடும்பம்தான் எங்களுக்கு வேணும்."

அந்த ஒரு வார்த்தையில் லாபிர் சேர் பத்து வயது குறைந்துவிட்டார். முப்பத்துநாலு வருஷம் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்ற மனிதர். ஒவ்வொரு நோன்புக்கும் டிவியில் விளம்பரம் வரும்போது ஒரே பேச்சுத்தான் பேசுவார். தொப்பி, தாடி, பிரியாணி, பின்னால் ஒரு பிறை. "இதுல ஒருத்தராவது நம்மளப் போல ஈக்காங்களா நஸ்மியா? ஒருதரமாவது ஒரு சாதாரண ஆளக் காட்டப்படாதா?" என்பார். அந்தச் சாதாரண ஆள் தாமாகவே இருக்கக் கூடும் என்று இப்போது தெரிந்ததும் நிலைகொள்ளவில்லை. மூன்று ஷேர்ட்டுகளை அயன் பண்ணி வைத்தார். தினமும் சவரம் செய்கிறவர், அவர்கள் வருகிற அன்று இரண்டு தரம் செய்தார். தாடி வைத்தால் அவருக்குத் தோல் தடித்துவிடும்.

படப்பிடிப்பு நாள் காலை எட்டு மணிக்கு வேனில் வந்தார்கள். மகள் நுஸ்ரா பட்டம் வாங்கிய படம் சுவரிலிருந்து இறங்கியது. அரபுப் பொன்னெழுத்துப் பலகை ஒன்று ஏறியது. என் சாம்பல் நிறத் திரைச்சீலை போய்ப் பச்சை வந்தது. ஒட்டகப் படம் வந்தது. கடைசியாக ஒரு பொடியன் ஹூக்கா ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தான்.

"இங்க யாரு தம்பி இத இழுக்குறது?" என்று கேட்டேன்.

"சும்மா அழகுக்கு அன்டி."

வெளியே எங்கள் வீட்டுக்கு எதிரே வங்கி, பக்கத்தில் போன் கடை, காலையிலிருந்து பஸ்ஸின் ஹோர்ன். துஷாந்துக்கு அது எதுவும் கமராவில் விழக்கூடாது. கதைப்படி மகன் கொழும்பில் உயர்ந்த மாடிக் கட்டடத்தில் வேலை செய்கிறான், பெருநாளைக்குத் தன் கிராமத்துக்கு வருகிறான். அந்தக் கிராமம்தான் எங்கள் டவுன். கொழும்பு ஆட்களுக்குக் கடுகண்ணாவை மலையேற்றத்தைத் தாண்டினால் எல்லாமே கிராமம். வாசலில் கட்ட இரண்டு ஆடுகூடக் கொண்டு வந்திருந்தார்கள்.

லாபிர் சேர் நீல ஷேர்ட்டை ட்ரௌசருக்குள் விட்டு, தலை சீவி, வந்து நின்றார். துஷாந்த் அவரைப் பார்த்தார். பிறகு கமராக்காரரைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார்.

"அங்கிள், கோவிக்காதீங்க. உங்களப் பார்த்தா... முஸ்லிம் மாதிரி தெரியல்ல."

அந்த நேரம் பக்கத்து வீட்டு ரபாயேல் அண்ணன் உள்ளே வந்தார். அவர் எலக்ட்ரீஷியன். பெரிய விளக்குகளுக்கு மெயினிலிருந்து கரண்ட் எடுத்துக் கொடுக்க நான்தான் கூப்பிட்டிருந்தேன். கையில் வயர்ச் சுருள், முகத்தில் நெஞ்சு வரைக்கும் வெள்ளைத் தாடி. பக்தியும் இல்லை, நேர்த்திக்கடனும் இல்லை, வெறும் சோம்பல்தான் அந்தத் தாடிக்குக் காரணம் என்று அவர் மனைவி ஜோசப்பின் சொல்லுவாள். துஷாந்தின் கண் அகன்றது.

"இவர்தான்! இவர்தான் வாப்பா!"

"ஐயோ தம்பி, நான் வேதக்காரன்," என்றார் ரபாயேல் அண்ணன். "ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போறவன்."

"அது கமராவுக்குத் தெரியாது அங்கிள்."

ரபாயேல் அண்ணன் எங்கள் அவரைப் பார்த்தார். "லாபிர் நானா, நீங்க சொன்னா நான் போயிடுறேன்," என்றார். லாபிர் சேர் சிரித்துக்கொண்டு, "நல்லா ஈக்கும் ரபாயேல், செய்ங்க," என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போய் அடுப்புப் பக்கம் முக்காலியில் உட்கார்ந்தார். நான் ப்ளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். குடிக்கவில்லை. வீட்டுக்காரனை வீட்டிலேயே வைத்து நீ அந்த ஆள் இல்லை என்று சொன்னால் யார்தான் தாங்குவது?

ரபாயேல் அண்ணனுக்கு ஜுப்பா போட்டு, தொப்பி வைத்து, பாயில் உட்கார வைத்தார்கள். நடுவில் சஹன். எங்கள் பெருநாள், கல்யாணச் சாப்பாடெல்லாம் அப்படித்தான். பெரிய தட்டில் சோறும் இறைச்சியும் குவித்து, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து, ஆளாளுக்குத் தன் முன்னால் இருக்கும் பக்கத்தில் கை வைத்துச் சாப்பிடுவோம். அதற்கு முள்ளுக்கரண்டி வைத்திருந்தார்கள். நான் போய் அந்தக் கரண்டிகள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தேன்.

"அக்ஷன்!" என்றார்கள். கொழும்பிலிருந்து வந்த மகன், மனைவியாக நடித்த பெண், இரண்டு பிள்ளைகள் எல்லோரும் கை நீட்டினார்கள். ரபாயேல் அண்ணனும் வலது கையைத் தூக்கினார். நேரே நெற்றிக்குக் கொண்டு போனார். பிறகு நெஞ்சு. பிறகு இடது தோள், வலது தோள்.

"கட்! அங்கிள், என்ன செய்றீங்க?"

"ஐயோ, மன்னிச்சிருங்க. சாப்பாட்டக் கண்டா கை தானாப் போவுது."

இரண்டாம் தரமும் போனது. மூன்றாம் தரமும். அறுபது வருஷமாகச் சோற்றுக்கு முன் சிலுவை போட்ட கை அது, அதற்குச் சோடாக் கம்பனியைத் தெரியுமா? ஐந்தாம் தரம் நெற்றிக்குப் போனதும் நினைவு வந்து, தலை சொறிவது போலப் பாவனை செய்தார். தொப்பி கழன்று சோற்றில் விழுந்தது. ஏழாம் தரத்தில் சோறு ஆறிப்போய், துஷாந்த் தலையைப் பிடித்துக்கொண்டு ஒட்டகப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துவிட்டார்.

சிரிப்புச் சத்தம் கேட்டு லாபிர் சேர் குசினியை விட்டு வந்து வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். எட்டாவது தரம் அந்தக் கை மறுபடி மேலே கிளம்பியதைக் கண்டதும் அவரால் முடியவில்லை. பாய்ந்து போய் அந்தக் கையைப் பிடித்தார்.

"ரபாயேல், சோறு இங்க ஈக்கு, நெத்தியில இல்ல!"

பிடித்த கையைச் சோற்றுக்குள் அழுத்திவிட்டு, அப்படியே பாயில் சரிந்து உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ரபாயேல் அண்ணனும் சிரித்தார். பிள்ளைகளும் சிரித்தார்கள். கமரா ஓடிக்கொண்டே இருந்தது.

"அங்கிள், எழும்பாதீங்க! அப்படியே சாப்பிடுங்க!" என்று கத்தினார் துஷாந்த்.

அவ்வளவுதான். லாபிர் சேர் விளம்பரத்தில் வந்துவிட்டார். அன்றிலிருந்து நோன்பு வரும்வரை டியூஷன் பிள்ளைகளுக்குக் கணக்கைவிட அந்தக் கதையைத்தான் அதிகம் சொல்லிக் கொடுத்தார். "ட்ரௌசரோட, தாடியில்லாம, நம்ம ஆள் மாதிரியே எடுத்தாங்க நஸ்மியா," என்று என்னிடம் எத்தனை தரம் சொன்னார் என்று கணக்கில்லை. அவர் சந்தோஷத்தைப் பார்த்து எனக்கும் சந்தோஷம். ஹூக்காவைக்கூட மன்னித்துவிட்டேன்.

முதல் நோன்பு திறந்து, கஞ்சிக் கோப்பை கையில் இருக்கும்போதே விளம்பரம் வந்தது. கொழும்பு மகன் கண்ணாடிக் கட்டடத்தின் உச்சியில் காதில் ஹெட்போனோடு நிற்கிறான். ரயில் வருகிறது. ஆடு வருகிறது. வங்கியும் போன் கடையும் இல்லாத ஒரு மாத்தளை வருகிறது. ரபாயேல் வாப்பா கையை விரித்து மகனைக் கட்டிப் பிடிக்கிறார். சஹன். பிறகு எங்கள் அவர் சிரித்துக்கொண்டே வந்து உட்காருகிறார். நடித்த பிள்ளைகளில் ஒருவன் அவரைப் பார்த்து, அன்று சொல்லாததை, வேறு யாருடைய குரலிலோ கத்துகிறான்: "ராஜா அங்கிள்!"

பின்னால் ஒரு பெண் இனிமையாகச் சொல்கிறாள்: "பெருநாளில் எங்கள் வாசல், பக்கத்து வீட்டுத் தமிழ் அங்கிளுக்கும் திறந்திருக்கும்." நாங்களும் தமிழ்தான் பேசுகிறோம், ஆனால் இந்த நாட்டில் தமிழர் என்றால் வேறு ஆட்கள், முஸ்லிம் என்றால் வேறு ஆட்கள்.

லாபிர் சேர் கஞ்சியைக் கீழே வைத்தார். டிவியை நிறுத்தினார்.

மறுநாள் காலை துஷாந்துக்கு போன் போட்டேன்.

"அவர்ட வீட்டுக்கே அவர விருந்தாளியாக்கிட்டீங்களே தம்பி. என்ன ஞாயம் இது?"

"அன்டி, மொத்தமே முப்பது செக்கன். யார் முஸ்லிம், யார் தமிழ்னு ஆக்களுக்கு ரெண்டு செக்கன்ல புரியணும்."

"நான் அந்த மனிசன முப்பத்தொரு வருஷமாப் பார்த்து வாறேன். எனக்கே இன்னும் முழுசாப் புரியல்ல. உங்களுக்கு ரெண்டு செக்கன் போதுமா?"

துஷாந்த் மெதுவாகச் சொன்னார்.

"போன தீபாவளி விளம்பரத்துக்கு எங்க அம்மாவக் கூட்டிட்டுப் போனேன் அன்டி. அம்மா கட்டை முடி, பேங்க்ல வேலை. 'தமிழ் அம்மா மாதிரி இல்ல'ன்னு நானேதான் திருப்பி அனுப்பினேன். இன்னும் சொல்லிக் காட்டுறாங்க."

பேசுவதற்கு இன்னும் நிறைய வைத்திருந்தேன். அதைக் கேட்டதும் பாதி மறந்து போனது. அம்மாவிடம் மன்னிப்புக் கேள் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன்.

டவுனில் எல்லோருக்கும் கொண்டாட்டம். ரபாயேல் அண்ணனுக்கு பஸ் ஸ்டாண்டிலிருந்து மார்க்கெட் வரைக்கும் ஸலாம் கிடைத்தது. "பதில் சொல்லாம போனா மரியாதையில்லையே தங்கச்சி," என்று சொல்லி அவரும் எல்லோருக்கும் வஅலைக்கும் ஸலாம் சொன்னார். எங்கள் அவரைப் பார்த்து இரத்தோட்டை பஸ்ஸிலிருந்து பொடியன்கள் "ராஜா அங்கிள்!" என்று கூவினார்கள். அவர் சிரித்துவிட்டுப் போனார். ஆனால் திங்கட்கிழமை சவரம் செய்யவில்லை. செவ்வாயும் செய்யவில்லை. வியாழனன்று பார்த்தால் கன்னம் இரண்டும் சிவந்து தடித்துப் போயிருந்தது.

"என்னத்துக்கு இந்த வேலை?" என்று கேட்டேன்.

"சும்மாதான்," என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அறுபத்தொரு வயதில் இந்த மனிதர் தன் முகத்தைப் பற்றிச் சந்தேகப்பட வேண்டுமா? களிம்பை எடுத்துப் பூசிவிட்டேன், திட்டிக்கொண்டேதான். அவர் சின்னப் பிள்ளை போலக் கன்னத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை மோட்டார் சைக்கிள் டயர் மாற்றவென்று பலாபத்வலப் பக்கம் போனார். வேலை முடியப் பிந்தியதால் ஜும்ஆவையும் அங்கேயே ஒரு பள்ளியில் தொழுதிருக்கிறார். மூன்று மணிக்கு வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. உள்ளே வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். தாடி போயிருந்தது, முகம் வழுவழுவென்று இருந்தது. தலையில் மட்டும் அளவு பத்தாத புதுத் தொப்பி ஒன்று உச்சியில் உட்கார்ந்திருந்தது.

"என்ன நடந்த?" என்று கேட்டேன்.

"தொழ முந்தி கை கால் கழுவி வுழூ எடுக்கப் போனேன் நஸ்மியா. பக்கத்துல ஒரு வயசாளி. என்னையே பார்த்துட்டு ஈந்தார். பொறகு என்ட கையப் பிடிச்சிட்டு, 'நீங்க டிவியில வார ராஜா தானே?' என்டு கேட்டார். ஓம் என்டேன். மனிசன் அழுதே போட்டார். 'மாஷா அல்லாஹ், எப்ப தம்பி இஸ்லாத்துக்கு வந்தீங்க?' என்டு கட்டிப் பிடிச்சிட்டார்."

"நீங்க என்னத்தச் சென்னீங்க?"

"உள்ளதச் சென்னேன். நான் பொறந்ததே முஸ்லிமாத்தான், அண்டைக்கே வாப்பா காதுல பாங்கு சென்னாங்க என்டேன். அவர் நம்பல்ல. 'இந்தக் கொஞ்ச நாளைக்குள்ள நம்மட பேச்சையும் எவ்வளவு அழகாப் பழகிட்டீங்க' என்டு முதுகுல தட்டினார்."

எனக்குக் கோபப்படத்தான் வேண்டியிருந்தது. ஆனால் சிரிப்பு முந்திக்கொண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"பொறகு வுழூ எடுக்கவும் காட்டித் தந்தார். மூணு தரம் கழுவணும், முழங்கை வரைக்கும் தண்ணி போவணும் என்டு. ஆசையாச் செல்லித் தாறார், எப்படி வேணாம்கிற? படிச்சேன். முப்பத்துநாலு வருஷம் நான் பொடியன்மாருக்கு எவ்வளவு படிச்சுக் குடுத்தேன், எனக்கு ஒருத்தர் ஒரு நாள் படிச்சுக் குடுத்தா என்ன? தொழுது முடிய இந்தத் தொப்பிய வாங்கி வந்து தலையில வெச்சிட்டுத்தான் போனார். நான் நேரா சலூனுக்குப் போய் இந்தத் தாடிய வழிச்சிட்டு வாறேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நிமிர்ந்து நின்றார். தொப்பி ஒரு பக்கம் சரிந்தது. நேராக்கிவிட்டேன்.

"இப்பயாவது முஸ்லிம் மாதிரி ஈக்கனா?"

நான் அவசரப்படவில்லை. இரண்டு செக்கனுக்கு மேலேயே பார்த்தேன்.

"இல்ல," என்றேன். "லாபிர் மாதிரித்தான் ஈக்கிறீங்க."