சமையல்காரி வரும் காட்சி

கிளெண்டேல் தியேட்டர் வாசலில் கிழவர் அகஸ்ட் எல்லோரையும் தனித்தனியாகப் பிரித்து உள்ளே அனுப்பினார். யாரும் சேர்ந்து உட்காரக் கூடாது, ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்க்கக் கூடாது, முதல் சிரிப்பு தன்னுடையதாக இருக்க வேண்டும் என்பது அவர் உத்தரவு. திருமதி க்ரான்ட்ஸின் விடுதியில் குடியிருந்த அத்தனை பேரும் ஒரு காலத்தில் ஊர் ஊராகப் போய் மேடையேறிப் பிழைத்தவர்கள். பேசும் படம் வந்து மேடைகளை விழுங்கிய பிறகு இந்த ஊருக்கு வந்து ஒதுங்கியவர்கள். கூட்டத்தில் சிரிப்பை மூட்டிவிடுவதும் அது அணையப் போகும் நேரத்தில் ஊதிவிடுவதும் அவர்களுக்குக் கைவந்த வேலை.

"நீ பேசாம உக்காந்து பாரும்மா வெர்னா," என்றார் அகஸ்ட். "சிரிப்புன்னா என்னன்னு உங்க முதலாளிங்களுக்கு நான் காட்டறேன்."

வெர்னாவுக்கு நாற்பத்தாறு வயது. ஊமைப்பட நாட்களில் ஏணியிலிருந்தும் வண்டியிலிருந்தும் விழுந்து விழுந்தே வயிறு வளர்த்தவள். அதற்குப் பிறகு பத்து வருடங்களாகப் படங்களின் கூட்டக் காட்சிகளில் ஒரு தலை. ஒவ்வொரு சாயங்காலமும் ஆள் எடுக்கும் அலுவலகத்துக்குப் போன் செய்வாள், பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் வேலையில்லை என்று ஒரு பெண்குரல் சொல்லிவிடும். அந்தக் குரலை அவள் கனவில்கூடக் கேட்டிருக்கிறாள். இந்தக் கொலைப் படத்தில்தான், ஏதோ புண்ணியத்துக்கு, சமையல்காரி வேஷம் வந்தது. இயக்குநர் படப்பிடிப்பிலேயே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வெளியீட்டுக்கு முன்னால் ஊர் ஜனங்களுக்குப் போட்டுப் பார்க்கும் முன்னோட்டக் காட்சியில் அவர்களும் சிரித்தால் ஒரு வருட ஒப்பந்தம் என்று தயாரிப்பாளர் வாய்விட்டே சொல்லியிருந்தார். எந்த ஊரில் எந்தத் தியேட்டரில் முன்னோட்டம் என்பதை ஸ்டுடியோ வெளியே விடாது. படத்தொகுப்பு அறையில் இருந்த ஐடா, பழைய சிநேகிதி, அவள் காதில் மட்டும் போட்டுவைத்தாள். அதை வெர்னா விடுதி முழுக்கச் சொன்னாள்.

காட்சி இதுதான். பணக்கார வீடு, விருந்து. சமையல்காரி தட்டுகளை அடுக்கிய தாம்பாளத்தை ஒரு கையில் ஏந்தியபடி அலமாரியைத் திறக்கிறாள். உள்ளே ஒரு பிணம் நிற்கிறது. அதன் தோளுக்குப் பின்னால் கையை விட்டுச் சர்க்கரைக் கிண்ணத்தை எடுத்துக்கொள்கிறாள், கதவைச் சாத்துகிறாள், நடக்கிறாள். பாதி வழியில்தான் அவளுக்கு உறைக்கிறது. தாம்பாளம் மொத்தமும் தரையில். சோபாவில் கிடந்த துப்பறியும் நாயகன் மதுக் கோப்பையுடன் எழுந்து, சில்லுகளைத் தாண்டி அலமாரிப் பக்கம் வந்து, கொலைகாரன் இடதுகைக்காரன் என்று தன் மனைவியிடம் சொல்கிறான்.

அன்றைக்கு அகஸ்ட் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கதவு சாத்தப்பட்டதுமே ஜனங்கள் தாங்களாகவே ஆரம்பித்துவிட்டார்கள். யாரோ முன்பின் தெரியாத கடைக்காரர்கள், தாதிகள், புதுசாகக் கல்யாணமானவர்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். தட்டுகள் விழுந்தபோது கூரை அதிர்ந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அகஸ்ட் வாயைத் திறந்தார். சிரிப்பு அடங்கும்போது ஒரு தரம், மறுபடி அடங்கும்போது இன்னொரு தரம், அந்தப் பழைய மேடைச் சிரிப்பை எடுத்துவிட்டார். விடுதிக்காரர்கள் மூலைக்கு மூலை ஏந்திக்கொண்டார்கள். வெர்னா இருட்டில் அழுதுகொண்டிருந்தாள். நாயகனின் உதடு அசைந்ததை அவளும் கவனிக்கவில்லை. கடைசிக் காட்சியில் அவன் சாவிக்கொத்தை வீச, கொலைகாரன் இடதுகையால் பிடித்தபோது தியேட்டர் ஒன்றும் புரியாமல் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும் கவனிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் ஐடா வரச் சொல்லியிருந்தாள். ஒப்பந்தச் சேதி என்று நினைத்து வெர்னா தொப்பியெல்லாம் வைத்துக்கொண்டு போனாள். ஐடா படச்சுருளைத் தொடும் வெள்ளைக் கையுறையைக் கழற்றாமலே விஷயத்தைச் சொன்னாள். இடதுகை சமாச்சாரம் ஒருத்தர் காதிலும் விழவில்லை, அதனால் படத்தின் முடிவு யாருக்கும் விளங்கவில்லை. வசனத்தைத் தள்ளி வைத்து மறுபடி எடுக்கலாமென்றால் நாயகன் வேறு படத்துக்குப் போய்விட்டான். படத்திலிருந்து தூக்க முடிந்தது ஒன்றுதான், சமையல்காரி வரும் காட்சி.

"கொஞ்சமா சிரிச்சிருந்தா நான் விட்டிருப்பேன்டி," என்றாள் ஐடா. "அது முடியவே மாட்டேங்குது. மேடையில இருக்கறவன் சிரிப்பு அடங்கற வரைக்கும் காத்திருப்பான். இவன் படத்துல இருக்கான், எங்க காத்திருப்பான்?"

வெர்னா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாலாவது வரிசையில ஒரு கெழவன், அடங்கினதை ரெண்டு தடவை கெளப்பிவிட்டான். யாருடி அவன், உனக்குத் தெரிஞ்சவனா?"

"தெரியாது," என்றாள் வெர்னா.

ஒப்பந்தத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை, ஐடாவும் எடுக்கவில்லை. திரும்பும்போது டிராமில் அவளுக்கு அகஸ்ட் மேல் கொலைவெறி வந்தது. பிறகு தன் வாய் மேலேயே வந்தது. சாப்பாட்டு மேஜையில் அவருக்கு உருளைக்கிழங்கைத் தள்ளி வைத்துவிட்டு, நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்றாள். அன்று சாயங்காலமே போன் செய்தாள். வேலையில்லை என்றது குரல்.

படம் வெளியானபோது விடுதியே கிளம்பியது. அதற்குள் அவள் சொல்லியிருக்க வேண்டும். தினமும் சொல்லத்தான் நினைத்தாள். திருமதி க்ரான்ட்ஸ் பெட்டியின் அடியிலிருந்து நரித்தோல் துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். இந்த முறை ஒளிய வேண்டியதில்லை என்பதால் எல்லோரும் ஒரே வரிசையில், வெர்னாவை நடுவில் வைத்து உட்கார்ந்தார்கள். விருந்துக் காட்சி வந்ததும் அகஸ்ட் முழங்காலில் கையை ஊன்றி, தொண்டையைச் செருமி, முன்னால் சாய்ந்தார்.

நாயகன் சோபாவிலிருந்து எழுந்தான். அடுத்த கணமே அலமாரியை நோக்கி நடந்தான். தரையெங்கும் பீங்கான் சில்லுகள் கிடந்தன, ஒரு சர்க்கரைக் கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. யார் போட்டது, எப்படி உடைந்தது, ஒன்றுமில்லை. பளபளக்கும் காலணியால் அவற்றைத் தாண்டி வந்து, கொலைகாரன் இடதுகைக்காரன் என்றான். கடைசி வரிசை வரை தெளிவாகக் கேட்டது.

அகஸ்ட் அதே சாய்வில், வாயைப் பாதி திறந்தபடி காத்திருந்தார்.

"இன்னும் நீ வரலையே?" என்று காதருகே கேட்டார்.

"இனிமேதான்," என்றாள் வெர்னா.

அவர் தலையாட்டிவிட்டு மறுபடி திரையைப் பார்த்தார். வாயை மூடவில்லை.