நடு அறை நாற்காலி

மாமனாருக்கு எழுபது முடிந்த வாரம், கொதிக்கும் காற்று பந்துபோல அந்த வீட்டைச் சுற்றிக் கட்டி நின்றுவிட்டது. கண்ணுக்குத் தெரியாது, கை வைத்தால் சுடும். தபால்காரர் கடிதங்களைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டுப் போகப் பழகினார்.

காரணம் மருமகளுக்குத்தான் புரிந்தது. வானாய்வுக்கூடத்தில் விண்வெளியின் எக்ஸ்ரே படங்களைப் பார்ப்பது அவள் வேலை. விண்மீன் மண்டலங்கள் மோதி ஒன்றாகி, நீள்வட்டமாகிக் கிழடுதட்டினால், மூத்த விண்மீன்கள் விடும் வாயு வெளியேற வழியின்றி முட்டி மோதிச் சூடேறிச் சுற்றி நிற்கும். அது ஆறினால்தான் புது விண்மீன் பிறக்கும். மாமனாரும் தம்பி குடும்பத்தைத் தன் குடும்பத்தோடு ஒரே கூரைக்குள் அடைத்தவர். ஒன்பது பெரியவர்கள், யாரும் யாருக்கும் முகம் கொடுப்பதில்லை. அத்தனை பேர் பெருமூச்சும் எங்கே போகும்? பாவம், அவளுக்கோ ஐந்து மாதம். ஆசையாகத் தொட்டில் கட்டினாள், மூன்றாம் நாள் கயிறு கருகிவிட்டது.

ஒவ்வொருவர் காலிலும் விழாத குறையாகக் கெஞ்சி, ஒரு வாரம் சண்டையை நிறுத்திவைத்தாள். காற்று ஆறியது. படத்தில் ஆயிரம் தடவை பார்த்ததை வீட்டில் கோட்டைவிட்டாள்: ஆறுகிற வாயு நடுவில்தான் இறங்கும், அங்கே இருக்கும் கருந்துளை அதைத் தின்றுவிட்டுத்தான் சீறும், மிச்ச வாயுவை மறுபடி கொதிக்கவைக்கும். நடு அறை நாற்காலியில் கிடந்த மாமனார் குளிர்ந்த காற்றை வயிறு முட்ட இழுத்தார், தெம்பாக எழுந்தார், முப்பது வருஷத்துப் பழசையெல்லாம் கிளறித் தெருவே கேட்கக் கத்தினார்.

"மாமா, புள்ளைக்காகத்தான்..."

"புள்ளையாம் புள்ள! இந்த வீட்டுல இனிமே எதுவும் பொறக்க வேணாம்!"

ஜன்னல் கண்ணாடிகள் வெடித்தன. அன்றே அவள் எதிர்வீட்டு மாடிக்குக் குடிபோனாள். கணவன் கூட வரவில்லை. மகள் அங்கேதான் பிறந்தாள்.

நான்கு வருடம் கழித்து மாமனார் போய்ச் சேர்ந்தார். அன்றே வீடு சில்லிட்டது. பதினாறாம் நாள் அவள் மூட்டை கட்டி, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவைத் தாண்டினாள். நாற்காலியில் கணவன் உட்கார்ந்திருந்தான்.

"அங்க ஏங்க உக்காந்தீங்க?"

"அப்பா எடம். யாராச்சும் உக்காரணுமில்ல? இத்தன நாள் இல்லாம இப்ப மட்டும் எதுக்குடி வந்த?"

மகளின் முடி நுனி பொசுங்கிய வாசனை வந்தது. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கே திரும்பிவிட்டாள்.

மறுநாள் தபால்காரர் அந்த வீட்டுக் கடிதங்களைப் பழையபடி கேட்டுக்கு வெளியே வைத்தார். அவளுடையதை மாடியேறி வந்து கையில் கொடுத்தார்.