முத்துமாரி கைபட்டால் நிற்கும் கம்ப்யூட்டர்

திருத்தங்கல் வட்டாரத்து அச்சகங்களில் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால் பாண்டிராஜைத்தான் கூப்பிடுவார்கள். பதினாறு வருஷத் தொழில். அந்தப் பதினாறு வருஷத்தில் 'தெரியாது' என்ற ஒரு வார்த்தையை மட்டும் அவன் கற்றுக்கொள்ளவில்லை. வினை அங்கேதான் பிறந்தது.

போன வருஷம் ஆனி மாதம். ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளியாக வேண்டும். அதற்குமுன் சாமி படங்களெல்லாம் தயாராகிவிட வேண்டும். அய்யாதுரை அண்ணாச்சியின் அச்சகத்தில் அந்த வேலையைச் செய்தவள் முத்துமாரி. பட்டாசுக் கூலி வீட்டிலிருந்து படித்து வந்தவள். முருகன் முகத்துக்கு அவள் கொடுக்கும் வெளிச்சத்துக்காகவே ஆர்டர் வருகிறது என்று பெயர் எடுத்திருந்தாள். ஆனால் அவள் பெரிய படத்தைத் திறந்து வண்ணம் சேர்க்கத் தொடங்கினால் போதும், திரை அப்படியே நின்றுவிடும். மவுஸ் நகராது. அணைத்துப் போட்டால்தான் மறுபடி உயிர் வரும். அதுவரை செய்த வேலை போனதுதான். அதே கம்ப்யூட்டரில் மற்றவர்கள் கல்யாணப் பத்திரிகை அடித்தால் ஒரு கோளாறும் இல்லை.

பாண்டிராஜ் ஐந்து தடவை வந்தான். விண்டோஸை அழித்து மறுபடி ஏற்றினான். ரேம் மெமரியை மாற்றினான். வைரஸ் தேடினான். ஒன்றும் பலிக்கவில்லை.

அண்ணாச்சி ராசி பார்ப்பவர். ஆல்பத்தின் முதல் தாளை யார் கையால் எடுப்பது என்பதற்கே நாள்கணக்கில் யோசிப்பார். "ஏம்ப்பா பாண்டி, மத்தவுக உக்காந்தா ஓடுது. இந்தப் பிள்ள கைபட்டா நிக்குது. கைராசி இல்லையோ?" என்று கேட்டார். முத்துமாரி பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

பாண்டிராஜ் தெரியவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அடுத்த தடவை சிவகாசியிலிருந்து வேறு ஆள் வருவான். "சில பேரு கைக்கு மெசினு ஒத்துக்கிடாதுண்ணாச்சி. நானே பாத்திருக்கேன்" என்றான். அவன் அப்படி எதையும் பார்த்ததில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவன் கூடத்தைக்கூடச் சொல்லவில்லை, பாவம், ஒரு பெண்ணைச் சொன்னான்.

மறுநாளே அவளை நிறுத்திவிட்டார்கள். அதோடு விட்டானா? போகிற அச்சகத்திலெல்லாம் டீ குடித்துக்கொண்டே அதைக் கதையாகச் சொல்லிச் சிரிக்க வைத்தான். முத்துமாரி வேலை கேட்டுப் போன இடமெல்லாம் அந்தக் கதை அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. கடைசியில் அவள் அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனிக்கு வேன் ஏறினாள்.

காலண்டர் வேலையை அண்ணாச்சி வெளியே கொடுத்தார். இந்த வருஷம் அவர் மகன் ஹரிபிரசாத் படிப்பை முடித்து வந்து, அதே கம்ப்யூட்டரில் முதல் சாமி படத்தைத் திறந்தான். திரை நின்றது. முதலாளி மகன் கைக்கு ராசியில்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? பாண்டிராஜ் அன்றைக்குத்தான் நிஜமாகவே தேடினான். மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு படத்தைத் திறக்கச் சொன்னான். பன்னிரண்டு வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் பதினொன்றுக்குக் கீழே இறங்கியது, கம்ப்யூட்டரும் நின்றது. உள்ளே மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி பழையது, சக்தி போதாதது. போன வருஷம் சித்திரையில் படவேலைக்கென்று பெரிய கிராபிக்ஸ் கார்டைச் செருகியவன் அவனேதான். பெட்டி தாங்குமா என்று அன்றைக்கு அவன் பார்க்கவில்லை. பத்திரிகை வேலைக்கு அது தாங்கியது. பெரிய படத்துக்குத் திணறியது. பெரிய படம் திறந்தவள் முத்துமாரி ஒருத்திதான்.

புதுப் பெட்டி மாட்டப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அண்ணாச்சியிடம் நடந்ததைச் சொன்னான். "சரி, இப்ப ஓடுதுல்ல" என்று அவர் எழுந்து போய்விட்டார். பாண்டிராஜுக்குத்தான் மனசு அரித்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் யாருடையது என்பதில் அவனுக்குச் சந்தேகமில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனான். துணி அலசிக்கொண்டிருந்தவள் எழுந்து, "வாங்கண்ணே" என்றாள். நகக்கண்ணில் பட்டாசு மருந்து வெள்ளியாக ஒட்டியிருந்தது. அவன் ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். "என் தப்புத்தான் தாயி. ஒவ்வொரு அச்சகமாப் போயி நானே சொல்றேன். நீ மறுபடி வேலைக்கு வந்துரலாம்."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"போன தையில தம்பிக்குக் கல்யாணம் நடந்துச்சுண்ணே" என்றாள். "அவனுக்குக் கூடப்பொறந்தவ நான் ஒருத்திதான். தாலி கட்டையில நாத்தனா முடிச்சு நாந்தான போடணும். மணவறைக்கிட்டப் போயிட்டு, சித்தி மகளப் போடச் சொல்லிட்டு நகந்துட்டேன். யாரும் வேண்டாங்கல. என் கை பட்டு அவுகளுக்கு ஒண்ணு ஆயிரக்கூடாதேன்னு நானாத்தான். அம்மா அம்புட்டு அழுதா."

கீழே கிடந்த துணியை எடுத்துப் பிழிந்தாள்.

"அப்ப என் கையில ஒண்ணுமில்லையாண்ணே?"

"ஒண்ணுமில்ல தாயி."

முத்துமாரி ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "அந்த முடிச்ச நானே போட்டிருக்கலாம்" என்றாள்.