எட்டாவது துணி

அந்த நர்ஸுக்கு அவளுடைய அப்பா நகை வைத்துவிட்டுப் போகவில்லை. ஒரு பழைய காரை வைத்துவிட்டுப் போனார். மூன்று வருஷமாக அது அண்ணன் வீட்டு ஷெட்டில் தூசி தின்றுகொண்டிருந்தது. அண்ணன் புதுக் கார் வாங்கிவிட்டான், இடம் வேண்டும். ஞாயிறு மதியம் பன்னிரண்டு மணிக்குள் பழையது தானாக ஓடி வெளியே வராவிட்டால் பழைய இரும்புக் கடைக்காரர் இழுத்துப் போவார் என்று கறாராகச் சொல்லிவிட்டான்.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற கார்புரேட்டர்தான் தேய்ந்துபோயிருக்கிறது, மாற்றினால் ஓடும் என்றார் மெக்கானிக். நானே மாற்றுகிறேன் என்று மார்தட்டினார் அவள் கணவர். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துபவர். எரிமலையைப் பற்றித் தெரிந்த அளவுக்கு எஞ்சினைப் பற்றித் தெரியாது.

ஞாயிறு காலை ஷெட்டில் அவருடைய பழைய பனியனைக் கிழித்து, துடைக்க எட்டுத் துண்டு கொடுத்தாள்.

"முடிஞ்சதும் எட்டையும் எண்ணிக் குடுக்கணும்."

"கார் என்ன உன் பேஷண்ட்டா, நர்ஸம்மா?"

பதினைந்து வருஷமாக ஆபரேஷன் தியேட்டரில், வயிற்றைத் தைக்கும் முன் உள்ளே போன துணியெல்லாம் வெளியே வந்துவிட்டதா என்று எண்ணுகிறவள் அவள். அந்தப் பழக்கத்தில் விருந்தாளிகள் கிளம்பியதும் ஸ்பூன்களையும் எண்ணி, அண்ணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

அவள் இரண்டாவது தடவை டீ போட்டுக்கொண்டு வருவதற்குள் பழைய கார்புரேட்டர் வாளியில் கிடந்தது. புதியதன் நான்காவது நட்டை முடுக்கிக்கொண்டிருந்தார். வாசலில் இரும்புக் கடைக்காரரின் லாரியும் வந்துவிட்டது.

சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுற்றியது, முக்கியது, முனகியது. பற்றவில்லை. நாலாவது தடவை பேட்டரியே இழுத்துப் பேசியது.

"போதும் மாப்ள, விட்டுடுங்க" என்றான் அண்ணன்.

அவள் லாரியைப் பார்க்காமல் குனிந்தாள். கை சும்மா இருக்க முடியாமல் துணிகளைப் பொறுக்கியது. ஏழு. மறுபடி எண்ணினாள். ஏழு.

பனியனுக்கு அழுகிற நேரமா இது என்றார் கணவர். அவளுக்குத் தியேட்டர் குரல் வந்துவிட்டது. பெரிய டாக்டர்களே அடங்கிப்போகிற குரல்.

"எண்ணிக்கை சரியா வராம யாரும் நகரக் கூடாது."

அண்ணன் தன் காலைத் தூக்கிப் பார்த்தான். இரும்புக் கடைக்காரர், யாரும் கேட்காமலே, சட்டைப் பையை உதறிக் காட்டினார். கணவரின் முகம் மட்டும் மெல்ல மாறியது.

"நட்டு உள்ள விழுந்துடக் கூடாதுன்னு எஞ்சின் வாயில ஒண்ண அடைச்சேன்..."

"எடுத்தீங்களா?"

அவர் ஸ்பேனரை எடுத்தார். நான்கு நட்டும் கழன்றன. அவள் இரண்டு விரலை விட்டு உருவினாள். பெட்ரோலில் ஊறிய பனியனின் கைப்பக்கம் வந்தது. காற்றே போகாமல் எஞ்சின் மூச்சுத் திணறியிருக்கிறது பாவம்.

"எட்டு" என்றாள்.

எல்லாவற்றையும் திரும்ப மாட்டிய பிறகு அவளே ஸ்டியரிங் முன் உட்கார்ந்தாள். சோக் குமிழை இழுத்து, சாவியைத் திருப்பினாள். பேட்டரி இழுத்தது, இழுத்தது, படாரென்று பற்றிக்கொண்டது. ஷெட் முழுக்கப் புகையும் சத்தமும். மணி பன்னிரண்டுக்கு மூன்று நிமிஷம்.

கணவர் கதவைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான். "முன் சீட் எனக்குத்தான். அப்பா இருந்தப்பவே எனக்குத்தான்."

வெறுங்கையோடு அனுப்ப வேண்டாமென்று பழைய கார்புரேட்டரை இரும்புக் கடைக்காரரிடம் கொடுத்தார் கணவர். அவர் அதைக் கையில் ஏந்தி எடை பார்த்தார். பிறகு லாரியைப் பூட்டிவிட்டு வந்து கேட்டார்:

"பின்னாடி இடம் இருக்குங்களா?"